நிழல் எந்தப் பக்கம்?

ஐயா, வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் நான்சி ட்ரூ என்ற ஆங்கிலத் துப்பறியும் கதைகளை நூலகத்திலிருந்து எடுத்துவந்து மாய்ந்து மாய்ந்து படிக்கிறாள். அட்டையில் இருக்கும் கரோலின் கீன் என்று ஒருவர் கிடையவே கிடையாது, பல பேர் எழுதியது என்று தெரிந்ததும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். எனக்கும் ஏமாந்தது போலத்தான் இருந்தது. நானும் சிறுவர்களுக்கு ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறேன். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? இதை மட்டும் எழுதிப் பிழைக்க முடியுமா?

க., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள க.,

பிழைக்க முடியாது. வேலையை விட்டுவிடாதீர்கள். புனைபெயர் உங்கள் இஷ்டம்.

மகளிடம் மில்ட்ரெட் வர்ட் பென்சன் என்ற பெயரைச் சொல்லுங்கள். முதல் 30 நான்சி ட்ரூ நாவல்களில் 23 அவர் எழுதியவை. 1930இல் முதல் நாவல் வந்தபோது அவருக்கு வயது 24. தொடரைத் தயாரித்த நிறுவனம் கதைச்சுருக்கம் அனுப்பும், அவர் நாவலாக்கித் தருவார். அந்த முதல் நாவலுக்குக் கைக்கு வந்தது 125 டாலர். உரிமையை எழுதிக்கொடுத்துவிட வேண்டும், வெளியே மூச்சுவிடக் கூடாது. 1980இல் பதிப்பாளர்களுக்குள் வழக்கு வந்து, அவர் சாட்சி சொல்லப் போனபோதுதான் விஷயம் பரவலாக வெளியே வந்தது. இதில் ஏமாந்தது நீங்களா? மனுஷி உட்கார்ந்து அழவும் இல்லை. 2002இல், 96 வயதில், இறந்த அன்றுகூட டொலிடோ நகரத்துப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் எண்பதுகளில் அப்படி எழுதியவன். பதிப்பகத்தின் பெயர் இப்போது எதற்கு? அட்டையில் ஒரு பெயர் இருக்கும், அது எங்கள் நாலு பேருக்கும் பொது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை, நாலு ராத்திரிக்கு ஒரு நாவல். அதில் ஒன்றுக்கு உங்கள் ஊர்ப் பழைய கலங்கரை விளக்கத்தைப் பிடித்துக்கொண்டேன், 1836இல் ஏற்றியது. மாலை ஐந்து மணிக்கு அதன் நிழல் முனை தொடும் இடத்தில் தோண்ட வேண்டும், அதுதான் துப்பு. பையன்கள் ஊர்ப்பக்கம் ஓடி, ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுத் தோட்டத்தில் தோண்டிப் பெட்டியை எடுத்துவிடுவார்கள்.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் அரைக்கால் சட்டை போட்ட பையன் ஒருவன், மடியில் என் புத்தகம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறான், வலது மூலையெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை முடித்தவன் கூட வந்தவரிடம் சொன்னான்: “மாமா, இந்தாளு பாண்டிக்கே போனதில்ல. சாயங்காலம் சூரியன் மேக்கால இருக்கும். நிழல் கடல் பக்கம்தான விழும்?”

அட்டையில் என் பெயர் இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

சரி, உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். காந்தி சிலை பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் சிறுமி ‘கடலில் மெல்ல மூழ்கும் சூரியனை’ பார்க்கிறாள். முத்தியால்பேட்டையில் குடியிருந்துகொண்டு எழுதுகிற வரியா ஐயா இது? நம் கடலில் சூரியன் மறைந்ததை எந்த ஜென்மத்தில் பார்த்தீர்கள்? சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நானாவது ராத்திரித் தூக்கத்தில் எழுதினேன், நாலு நாள் கெடு. உங்களுக்கு என்ன அவசரம்?

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் வர்ணனையைத் தாண்டிப் போய்விடுவார்கள். துப்பறியும் கதை படிக்கிற பிள்ளை ஒரு வரியையும் விடாது. சூரியன் தப்பான பக்கம் மறைந்தால், ‘ஆ, யாரோ பொய் சொல்றாங்க’ என்று அதை மனதில் முடிந்துவைத்துக்கொள்ளும். கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருக்கும். எழுதினவருக்கே திசை தெரியவில்லை என்று அப்புறம் தெரிந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் மகள் கரோலின் கீனுக்கு இரண்டு நாள்தான் முகத்தைத் தூக்கிவைத்தாள்.

நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு வரும் இடம் நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு பழைய விளக்கின் பக்கம் போங்கள். நிழல் எங்கே போகிறது என்று அவளே நடந்து பார்க்கட்டும். திருத்திய அத்தியாயத்தை முதலில் அவளிடம் கொடுங்கள், ஒரு பென்சிலோடு. அவள் கோடு போட்ட பிரதி எனக்கு வந்தால் போதும்.