வைரஸைக் கூட்டினால் புரதம் கூடுமா?

பூச்சிகளைத் தாக்கும் பாகுலோவைரஸில் நமக்கு வேண்டிய மரபணுவை நுழைத்து, ஆய்வகத்தில் வளர்க்கும் பூச்சி செல்லில் ஊற்றினால், செல் அந்தப் புரதத்தைச் செய்துகொடுக்கும். “எஸ்எஃப்9 பூச்சி செல்லில் முதல் தடவை புரதம் நன்றாக வந்தது. அதே பாகுலோவைரஸ் ஸ்டாக்கை (சேமித்த வைரஸ் திரவத்தை)ப் பெருக்கிப் பெருக்கி ஆறாவது பாசேஜுக்கு (பெருக்கும் சுற்றுக்கு) வந்துவிட்டேன். இப்போது ஜெல்லில் புரதப் பட்டை மங்கல். வைரஸை இரண்டு மடங்காக ஊற்றலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கோளாறு அளவில் இல்லை, அநேகமாக வைரஸிலேயே இருக்கிறது. தாராளமாக ஊற்றித் திரும்பத் திரும்பப் பெருக்கினால், மரபணுத்தொகுதியில் ஒரு பகுதியைத் தொலைத்த அரைகுறை வைரஸ்கள் நல்ல வைரஸின் தயவில் பெருகும். பாக்மிட் (பாக்டீரியாவுக்குள் வளர்த்தெடுக்கும் வைரஸ் டிஎன்ஏ) வழியாகச் செய்திருந்தால் இன்னொரு தொல்லை. நீங்கள் நுழைத்த மரபணு வைரஸின் பிழைப்புக்குத் தேவையே இல்லை. அதை உதிர்த்துவிட்டும் சுகமாக வாழும். செல் வீங்கும், சாகும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். புரதம் மட்டும் வராது.

பி1 (முதல் பாசேஜ்) குப்பி மிச்சமிருந்தால் அதற்குத் திரும்புங்கள்; இல்லையென்றால் பாக்மிடிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். பெருக்கும்போது பத்து செல்லுக்கு ஒரு வைரஸ் போதும். பி3-ஐத் தாண்டாதீர்கள். ஸ்டாக்கை 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

அப்புறம், “ஹை டைட்டர் (வைரஸ் செறிவு அதிகமுள்ள) ஸ்டாக் ரெடியாக இருக்கிறது” என்று வரும் ஏஜென்ட்டுகள். எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். கியூபிசிஆர் என்றால், அது டிஎன்ஏ நகலை எண்ணுகிறது; செல்லைத் தொற்ற முடியாத வைரஸும் கணக்கில் சேரும். பிளாக் அஸே (வைரஸ் செல் படலத்தில் உண்டாக்கும் திட்டுகளை, அதாவது பிளாக்குகளை, எண்ணி, தொற்றும் வைரஸை மட்டும் கணக்கிடும் சோதனை) படத்தைக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவார்கள். நம் பக்கமும் யோக்கியம் இல்லை. பெரிய கருவி வாங்கக் கையெழுத்து உடனே கிடைக்கும். ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து பிளாக் எண்ணினால் “வேலை நகரவில்லையே” என்பார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் புரதம் மீடியத்துக்குள் (செல் வளரும் திரவத்துக்குள்) சுரக்கும் வகையா? அப்படியானால் வைரஸைத் திட்டுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். வைரஸ் ஊற்றிய 96 மணி நேரத்தில் பாதி செல் உடைந்திருக்கும். வைரஸின் சொந்தப் புரோட்டியேஸே (புரதத்தை வெட்டும் நொதியே) உங்கள் புரதத்தை மென்றுவிடும். 48, 72, 96 மணி நேரத்தில் ஒவ்வொரு மில்லி எடுத்து, செல்லைச் சுழற்றி ஒதுக்கி, மேல்நீரை ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். 48-இல் பட்டை தடித்து, 96-இல் கீழே சிதறல் தெரிந்தால் வைரஸ் மேல் குற்றமில்லை, சீக்கிரம் அறுவடை செய்யுங்கள். மூன்றுமே மங்கல் என்றால் பி1 குப்பியைத் தேடுங்கள்.