சான்றிதழ் போதாது, பதிவேட்டு வரியைக் கேளுங்கள்

கேள்வி: என் தாத்தாவை வீட்டில் சூசை என்றுதான் கூப்பிடுவார்கள். 1930களில் சிங்கப்பூரில், தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம். திருமணச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். தேதி, மணமக்கள் பெயர், குருவின் பெயர் தவிர அதில் எதுவும் இல்லை. அவருடைய சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கையில் இருப்பது பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதிய சுருக்கம். அதை வைத்து மனம் தளராதீர்கள். மூலப் பதிவேட்டில் பெற்றோர் பெயர், மணமகன் ஞானஸ்நானம் பெற்ற பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி), சாட்சிகள் எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு. பங்கு அலுவலகத்துக்கு எழுதும்போது, "முழுப் பதிவும் ஓரக்குறிப்பும் வேண்டும்" என்று குறிப்பிட்டு, உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்களின் நகலையும் வையுங்கள். கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கும்போது, அதாவது கல்யாணம் நடக்கப்போவதைக் கோயிலில் அறிவிக்கும்போது, வாங்கி வைத்த தாள்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். தாத்தா ஊரிலிருந்து வரவழைத்த ஞானஸ்நானச் சான்று அதற்குள் இருக்கலாம்.

சிங்கப்பூரில் தமிழர்களுக்கென ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் திறந்தது 1888இல். அதற்கும் முந்தைய தலைமுறையைத் தேடினால் குவீன் தெருவிலுள்ள புனிதர்கள் பேதுரு பவுல் ஆலயத்துக்குப் போக வேண்டும்.

அப்புறம், பெயர். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய பதிவேடுகளைக் குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். சூசை அங்கே யோசேப்புஸ். ராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். எங்கள் பெரிய தாத்தா முடியப்பனை நான் இரண்டு வருஷம் தேடினேன். ஒரு மாலை, பழுப்பேறிய மையில் 'ஸ்டெஃபானுஸ்' என்று எழுதியிருந்த வரியில் பாட்டனார் பெயர் பொருந்தியது. ஸ்டெஃபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம். அந்த வரியின் மேல் விரல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாட்சிகளையும், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப் பெற்றோரையும் விட்டுவிடாதீர்கள். கப்பலேறி வந்தவருக்குப் பக்கத்தில் நிற்க யார் இருந்தார்கள்? பெரும்பாலும் ஊர்க்காரர், இல்லாவிட்டால் கூட வேலை பார்த்தவர். தாத்தாவின் பிள்ளைகள் எல்லாருடைய ஞானஸ்நானப் பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரே ஞானத்தகப்பன் திரும்பத் திரும்ப வந்தால் அவருடைய ஊரையும் தேடுங்கள். உங்கள் தாத்தாவின் ஊர் அதுவாகவே இருக்கலாம்.

இனி ஓரக்குறிப்பு. எனக்கு இதுதான் பொக்கிஷம். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, ஒருவருக்குக் கல்யாணமானால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பங்குக் குரு அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்திருந்தால், தஞ்சாவூர்ப் பக்கமோ காரைக்கால் பக்கமோ ஒரு பங்கில் பத்து யோசேப்புஸ் இருந்தாலும், ஓரத்தில் 'சிங்கப்பூர்' என்றும் உங்களிடம் உள்ள கல்யாணத் தேதியும் இருக்கிறவர்தான் உங்கள் தாத்தா.

ஆகவே ஊர்ப் பங்குக்கு எழுதும்போது சூசை, யோசேப்புஸ் என்று இரண்டு பெயரையும் போடுங்கள். அவருடைய தகப்பனார் பெயரையும் கல்யாணத் தேதியையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.