பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து வக்கீல், டாக்டர்: ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பழைய புத்தகத்தில் ஒரு கையெழுத்து, கீழே 'அட்டர்னி, லண்டன், 1846'. யாரென்று எப்படித் தேடுவது சார்?

பதில்: தொழிலில் தொடங்குங்கள். அட்டர்னி என்றால் கட்சிக்காரருக்காக வழக்கு வேலைகளைக் கவனித்த ஒரு வகை வக்கீல். அப்போது வருடாவருடம் 'லா லிஸ்ட்' என்ற வக்கீல்கள் பட்டியல் வெளிவந்தது. 1846க்கு முன்னும் பின்னும் சில வருடத்து லிஸ்ட்டுகளை எடுத்து, பெயர் எப்போது நுழைகிறது, எப்போது மறைகிறது, விலாசம் மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அட்டர்னி ஆக ஒரு சீனியரிடம் பொதுவாக ஐந்து வருடம் ஒப்பந்தப் பயிற்சி. அதற்கான பிரமாணப் பத்திரங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல பத்திரங்களில் அப்பா பெயரும் ஊரும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்சஸுக்குப் போங்கள். 1841 சென்சஸில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊர் 1851இல்தான் வரும்.

ஒரே பெயர் என்பதால் ஒரே ஆள் ஆகிவிடாது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆள் டாக்டர் என்று குடும்பத்தில் பேச்சு. 1850இல் இறந்தவர், மெடிக்கல் ரிஜிஸ்டரில் (பதிவு பெற்ற டாக்டர்கள் பட்டியலில்) இல்லையே?

பதில்: இருக்காது. ரிஜிஸ்டர் 1858 சட்டத்துக்குப் பிறகு, 1859இல்தான் முதலில் வெளிவந்தது. 1815 சட்டப்படி அப்போதிகரீஸ் சொசைட்டி (மருந்து கொடுத்து வைத்தியம் பார்த்தவர்களின் சங்கம்) கொடுத்த லைசென்ஸ் பதிவுகளைப் பாருங்கள். குடும்பப் பேச்சு ஆதாரம் ஆகாது.

கேள்வி: போலீஸ் அதிகாரியே எழுதி வைத்தால்? ஜாக் தி ரிப்பர் (பிடிபடாத லண்டன் கொலைகாரன்) கொலைகள் பற்றிய 1894 குறிப்பில் லண்டன் போலீஸ் அதிகாரி மெக்நாட்டன், சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் ஒருவரான ட்ரூயிட்டை டாக்டர் என்கிறாரே!

பதில்: நல்ல கேள்வி. மான்டகியூ ஜான் ட்ரூயிட் 1857இல் டார்செட்டின் விம்போர்னில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் படித்து 1880இல் பட்டம். 1881 சென்சஸில் பிளாக்ஹீத் பள்ளி ஆசிரியர். 1882இல் இன்னர் டெம்பிள் என்ற லண்டன் வக்கீல் சங்கத்தில் சேர்ந்தார், 1885இல் பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் வாதாடும் வக்கீல். 1888 டிசம்பர் 31 அன்று தேம்ஸ் நதியில் உடல் கிடைத்தபோது வயது 31. மெக்நாட்டன் குறிப்பின் ஒரு பிரதியில் அவர் சுமார் 41 வயது டாக்டர்! மெக்நாட்டன் போலீஸ் வேலைக்கு வந்ததே 1889இல். நேரில் அறிந்து எழுதியதல்ல.

கேள்வி: இடையில் மருத்துவம் படித்திருக்கலாமே?

பதில்: எந்த வருடத்தில்? மேலே உள்ள தேதிகளை வரிசையாக வையுங்கள், மருத்துவப் படிப்புக்கு இடமே இல்லை.

கேள்வி: அப்பா வில்லியம் சர்ஜன்தானே? அந்தத் தொழில் மகன்மேல் ஏறியிருக்குமோ?

பதில்: இருக்கலாம், எனக்கும் அந்த நினைப்பு உண்டு. ஆனால் அது ஊகம். ஊகம் என்றே குறித்து வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் ட்ரூயிட் கொலைகாரர் இல்லையா?

பதில்: அது என் துறையல்ல. குற்ற வரலாறு படித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: 1829இல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

பதில்: கிடையாது. அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல்தான் தொடங்கியது. சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு குடும்ப மரத்தில் அதே பெயர் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: இதே கேள்வி இன்று பலமுறை வந்துவிட்டது. கூடாது. விலாசம், வயது, அப்பா பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு மூல ஆவணத்தில் பொருந்தட்டும்.

கேள்வி: மெட்ராஸில் இறந்த ஆங்கிலேய சர்ஜன் என்றால்?

பதில்: பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் 'என் 2' வரிசையில் இருக்கின்றன.