மூட மனம் வராத டேப்கள்

கேள்வி: ஐயா, நான் ஆய்வு மாணவி. கட்டுரைகள், அகராதிகள், பாதி படித்த பக்கங்கள் என்று குரோமில் எப்போதும் எழுபது, எண்பது டேப்கள் திறந்தே கிடக்கின்றன. தலைப்பு எதுவும் தெரிவதில்லை, குட்டிக் குட்டிப் படங்கள்தான் தெரிகின்றன. லேப்டாப்பின் விசிறி ஓயாமல் இரைகிறது. ஒன்டேப் என்ற எக்ஸ்டென்ஷனைப் போடச் சொல்கிறாள் தோழி. போட்டால் சேர்த்து வைத்ததெல்லாம் தொலைந்துவிடுமோ என்று பயம். போடலாமா?

பதில்: போடலாம். பயத்தையும் விட்டுவிடாதீர்கள், அது நியாயமான பயம்தான்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டி நிரல். ஒன்டேப்பின் ஐகானை அழுத்தினால் அந்த விண்டோவில் திறந்திருக்கும் டேப்களை மூடிவிட்டு, அவற்றின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் பட்டியலாகப் போட்டுவிடும். பட்டியலில் ஒன்றை க்ளிக் செய்தால் அந்தப் பக்கம் மறுபடி திறக்கும். டேப் மூடப்பட்டதால் அது பிடித்து வைத்திருந்த ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விடுபடும், விசிறியும் அடங்கும். ஆனால் சேமிக்கப்படுவது முகவரி மட்டும்தான், பக்கம் அல்ல. பாதி நிரப்பிய விண்ணப்பம் ஏதாவது திறந்திருந்தால் அதை முடித்துவிட்டு அழுத்துங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரியான ஓர் எக்ஸ்டென்ஷனில் (பெயர் எதற்கு, தப்பு என்னுடையது) முந்நூறுக்கும் மேல் பக்கச் சுட்டிகளை (லிங்க்) சேர்த்திருந்தேன். ஒருநாள் அது மக்கர் பண்ணியது. நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகத்தான் ஆனது. பட்டியல்தான் துடைத்து வைத்த மாதிரி காலி! எக்ஸ்டென்ஷன் சேர்த்து வைத்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷனை நீக்கியபோது பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. பார்த்த பக்கங்களின் பதிவான ஹிஸ்டரியை இரண்டு நாள் தோண்டியதில் நாற்பதோ என்னவோ தேறின. மற்றவற்றில் பாதி என்னவென்றே நினைவில்லை. பழைய தட்டச்சுப் பொறி ஒன்றின் தமிழ் விசைப்பலகைப் படத்தை நினைத்தால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது.

ஒன்டேப்பிலும் பட்டியல் உங்கள் கணினியில்தான் இருக்கிறது. நீக்கினால் போய்விடும். அதிலேயே எக்ஸ்போர்ட் வசதி உண்டு. சுட்டிகள் எல்லாம் வெறும் எழுத்தாக வரும். அதை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறேன். பட்டபிறகு வந்த புத்தி.

இன்னொன்று, அனுமதி. டேப்களைக் கையாளும் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் உங்கள் ஹிஸ்டரியைப் படிக்க அனுமதி கேட்கும். கேட்காமல் அந்த வேலையைச் செய்யவும் முடியாது. அதனால் அதை நடத்துபவர் யார் என்பது முக்கியம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும், இருபது லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020-இல் அது வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதைத் தன் கடையிலிருந்து தூக்கியதோடு, பயனர்களின் பிரவுசரிலும் முடக்கியது. தூங்கிக்கொண்டிருந்த டேப்கள் அப்படியே மறைந்தன. ஹிஸ்டரியில் அந்த எக்ஸ்டென்ஷனின் நீளமான முகவரி இருக்கும். அதன் வாலில் ஒட்டியிருந்த உண்மையான முகவரியைப் பலர் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள்.

இன்று தூங்கவைக்கும் வேலைக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். குரோமின் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘மெமரி சேவர்’ இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால், நெடுநேரம் தொடாத டேப் நினைவகத்தை விட்டுவிடும். டேப் இடத்திலேயே இருக்கும், க்ளிக் செய்ததும் மறுபடி ஏறும். டேப்பின் மேல் ரைட் க்ளிக் செய்து குரூப்பும் போடலாம். ‘அகராதி’, ‘இரண்டாம் இயல்’ என்று பெயர் வைத்துச் சுருக்கிவிடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் டேப்களில் தேடலாம். எண்பது டேப்காரர்களில் பலருக்கு இது தெரியாது, எனக்கும் வெகுநாள் தெரியாது. முதலில் பத்து நாள் இவற்றை வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் மூச்சு முட்டினால் தோழி சொன்னதைப் போடுங்கள்.

கேள்வி: வேண்டிய டேப்பைத் தவறுதலாக மூடிவிட்டேன். என்ன வழி?

பதில்: கன்ட்ரோல், ஷிப்ட், டி. மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். திரும்பத் திரும்ப அழுத்தினால், மூடியவை கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வரும். ஹிஸ்டரியில் பதியாத இன்காக்னிட்டோ விண்டோவை மூடியிருந்தால் வராது.

கேள்வி: நான் பயர்பாக்ஸ் பிரவுசர் ஆள். எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்களுக்குத்தான் யோகம். ‘ட்ரீ ஸ்டைல் டேப்’ என்ற எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். டேப்களைப் பக்கவாட்டில் மரம் மாதிரி அடுக்கும். ஒரு பக்கத்திலிருந்து திறந்த சுட்டிகள் அதன் கிளைகளாக வரும், எங்கிருந்து எங்கே போனோம் என்று தெரியும். டேப் குரூப் வசதியோ, 2011-இல் வந்து 2016-இல் எடுக்கப்பட்டு 2025-இல் திரும்பி வந்திருக்கிறது. எடுத்தபோது நான் திட்டி ஒரு பத்தியே எழுதினேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.