எதைப் பிழை என்று திருத்தினீர்கள்?

கேள்வி: என் அப்பா முப்பது ஆண்டுகளாக நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கிறார். நான் கணினியில் இசையமைத்துப் பழகி, முதன்முறையாகச் சம்பளத்துக்கு ஒரு குறும்படம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அப்பாவை நான்கு சுற்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதிலிருந்த தாளப் பிழைகளைத் திருத்திவிட்டு, ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) வேகத்தில், திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பாக்கினேன். கிக், ஹை ஹாட் என்று டிரம் ஒலிகள் எல்லாம் சேர்த்த பிறகும் தட்டையாகவே ஒலிக்கிறது. அடிகளைச் சற்றுத் தள்ளி வைக்கும் ஸ்விங்கை 66 வைத்தால் நொண்டுகிறது. எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?
– வாசகர், தென்காசி

பதில்: தம்பி, சதவீதக் கேள்வி மாதம் தவறாமல் எனக்கு வருகிறது; அதற்குப் பிறகு வருகிறேன். போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் 'தாளப் பிழைகளைத் திருத்திவிட்டு' என்ற சொற்களைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. எதை வைத்து அவற்றைப் பிழை என்று முடிவு செய்தீர்கள்? திரையில் கோடு ஓரிடத்திலும் அப்பாவின் அடி சற்றுத் தள்ளியும் இருந்தது என்பதைத் தவிர வேறு சான்று உங்களிடம் இருந்ததா? முப்பது ஆண்டுகள் கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய, கரகம் ஆடுபவரின் கால் எப்போது தரையில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வாசித்த கையை, ஒரு பிற்பகலில், எல்லா அடிகளையும் கோட்டுக்கு இழுத்துவிடும் குவாண்டைஸ் பொத்தானை அழுத்தித் திருத்திவிட்டதாக நினைக்கிறீர்கள். உங்கள் லூப் தட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். திருத்தாத மூலப் பதிவைத் திறந்து, நான்கு சுற்றுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அலைவடிவைப் பெரிதாக்குங்கள். இடக்கையின் கழி தொப்பியில் விழும் அடி பருத்தும், வலக்கையில் கூடு மாட்டிய விரல்கள் இடையிடையே தட்டும் அடிகள் சிறுத்தும் தெரியும். ஒரு குறிப்பிட்ட அடி நான்கு சுற்றிலும் அதே இடத்தில், ஏறத்தாழ அதே அளவு தாமதமாக வந்தால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. பிழை நான்கு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காராது. அடிகளைக் கண்டபடி முன்பின்னாக்கும் 'ரேண்டம்' அளவைக் கூட்டினால் மனிதர் வாசித்ததுபோல் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நல்ல வாத்தியக்காரர் கண்டபடி பிந்துவதில்லை. பிந்த வேண்டிய இடத்தில்தான் பிந்துகிறார்.

இனி உங்கள் 66. ஓர் அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, நான்காகப் பிரித்தால், உங்கள் வேகத்தில் ஒவ்வொன்றும் 150 மில்லி விநாடி. ஸ்விங் அவற்றில் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் பின்னுக்குத் தள்ளும். 1988-இல் வந்த எம்பிசி 60 என்ற தாளக் கருவியில் அதை வடிவமைத்த ரோஜர் லின் அமைத்த கணக்கின்படி, இரண்டு பிரிவுகள் சேர்ந்த நேரத்தில் முதலாவதற்கு எத்தனை சதவீதம் என்பதே அந்த எண்; 50 என்றால் தள்ளலே இல்லை. 54 என்றால் 12 மில்லி விநாடி. 66 என்றால் 48, அதாவது கிட்டத்தட்ட முழுத் திஸ்ரம், அட்சரத்தை மூன்றாகப் பிரிக்கும் நடை. நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையில் போகிற பாட்டின் மேல் திஸ்ரத்தை ஏற்றினால் நொண்டாமல் என்ன செய்யும்? சற்றே இளக வேண்டுமானால் 54-இலிருந்து 58-க்குள் போதும். ஆனால் எந்த எண்ணை வைத்தாலும் ஸ்விங் முதலாவதையும் மூன்றாவதையும் தொடுவதே இல்லை. அப்பாவின் இடக்கை ஓர் அட்சரத்தின் தலையடியிலேயே இழுத்து நின்றிருந்தால், அந்த இழுப்பை ஸ்விங்கால் ஒருநாளும் திருப்பித் தர முடியாது. டெட்ராய்ட்டின் ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா எம்பிசி 3000-இல் பல நேரம் குவாண்டைஸை அணைத்துவிட்டுத் தன் விரலாலேயே தட்டிப் பதிந்தார். அவருடைய கருவி இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செய்ய வேண்டியது இது. திருத்திய லூப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூலப் பதிவில் ஒவ்வொரு சுற்றின் முதல் அடிக்கு மட்டும் ஒரு வார்ப் மார்க்கர் (அடியைக் கோட்டோடு கட்டும் குறி) வையுங்கள். நடுவில் ஒன்றையும் தொடாதீர்கள். பிறகு அந்தக் கிளிப்பிலிருந்து குரூவை, அதாவது அடிகள் முந்திப் பிந்தி விழும் முறையைப் பிரித்தெடுத்து, அதை உங்கள் ஹை ஹாட்டுக்குக் கொடுங்கள். அந்தக் குரூவை எவ்வளவு பின்பற்றுவது என்று சொல்லும் டைமிங்கை 70 அளவில் தொடங்கிக் காதால் கேட்டு ஏற்றுங்கள். அடியின் வலுவுக்கான வெலாசிட்டியையும் கூட்டினால் விரலடிகளின் மென்மை ஹாட்டுக்கும் வரும். கிக் மட்டும் கோட்டிலேயே நிற்கட்டும். அது நேராக நின்றால்தான் தவில் இழுப்பது காதில் விழும். ஸ்விங்கை வேறாக எதுவும் சேர்க்காதீர்கள். தவிலுக்குப் பின்னால் மற்றவை வரவேண்டும். நீங்கள் தவிலைக் கிக்குக்குப் பின்னால் ஓடவிட்டீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இந்த லூப்பை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆகவே காட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பெற்றவரிடம் வித்தையை வாங்கிக்கொண்டு, அதைத் திருத்தியதை அவரிடமே மறைப்பதை நான் சிறு தவறாக நினைக்கவில்லை. இன்று இரவே அவரை உட்காரவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டு, எது எது என்று சொல்லாமல் இரண்டையும் கேட்கச் செய்யுங்கள். எந்த அடியை ஏன் இழுத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் தவில் என்று போட்டு அவர் பெயர் தனி வரியில் வரவேண்டும் என்று இயக்குநரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மூலப் பதிவை அழித்துவிட்டீர்கள் என்றால் மறுபடியும் வாசிக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும். கொடை இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள். சொந்த அப்பாதானே என்று சும்மா வாசிக்கவைக்காமல், மேளக்காரருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலியோ அதை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து, தவிலை அவர் தோளில் மாட்டுவதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.