பழைய ஈமோ ஆல்பம் இன்றும் கண்கலங்க வைப்பது ஏன்?

ஈமோ எனப்படும் உணர்ச்சி மிகுந்த ராக் இசைவகையைச் சேர்ந்த, மை கெமிக்கல் ரொமான்ஸ் இசைக்குழுவின் ‘தி பிளாக் பரேட்’ ஆல்பம் முப்பத்தைந்து வயதிலும் உங்களைக் கலங்கவைப்பது ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அது, நீங்கள் அஞ்சுவதுபோல் மனமுதிர்ச்சி இன்மையின் அடையாளமன்று. அதனோடு பதிந்த நினைவுகளே பெரும்பாலும் காரணம்.

ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே பிற்காலத்தில் மிகுதியாக எழுகின்றன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றனர். 2006இல் அந்த ஆல்பம் வெளிவந்தபோது பள்ளியில் படித்ததாகவும், அதைத் தனியாகத் திரும்பத் திரும்பக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘வெல்கம் டு தி பிளாக் பரேட்’ ஒற்றைப் பியானோ சுரத்தில் தொடங்குவதால், ஒரு சொல் பாடப்படும் முன்பே அந்த வயது விழித்துக்கொள்கிறது. சாவை எதிர்கொள்ளும் நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லும் அந்த ஆல்பம், துயரத்தை மறைக்காமல் உரக்கப் பாடலாம் என்ற துணிவையும் இளையோருக்குத் தந்தது. அந்த ஈர்ப்பில் ஒரு பங்கு இதனால்தான் என்பேன்.

அதே ஆண்டுகளில் வெளிவந்து நீங்கள் அன்று கேட்டிராத ஓர் ஈமோ ஆல்பத்தை முழுமையாகக் கேட்டுப்பாருங்கள். அது பிடித்திருந்தும் கண் கலங்கவில்லையெனில், உங்களை இழுப்பது இசையைவிட நினைவே எனக் கொள்ளலாம்.

ஆனால் கேட்டு முடித்த பின்னும் சோர்வு நாள்கணக்கில் நீடித்தாலோ உறக்கம் கெட்டாலோ, பழைய ஏக்கம்தானே என்று ஒதுக்கிவிடாமல் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள்.