பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் வயிறு பெருத்த சைலன்சர் மாட்டுவது எதற்கு?

அந்தக் குழாய்க்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர். பார்வைக்காக மட்டும் மாட்டுவதில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வழியை மூடத் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துவாரத்தை பிஸ்டனே மேலும் கீழும் போய் மூடித் திறக்கிறது. அதனால் புகையோடு எரியாத பெட்ரோலும் கொஞ்சம் தப்பிப் போகும். சேம்பரின் விரியும் பகுதி புகையை இழுத்தெடுக்கிறது. கடைசியில் குறுகும் கூம்பில் மோதிய அழுத்த அலை திரும்பி வந்து, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்னால், தப்பிய பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே தள்ளுகிறது.

ஊஞ்சலை ஆட்டுவது போலத்தான், தள்ளும் நேரம் சரியாக அமைய வேண்டும். எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும்போது அலை நேரம் தவறி வரும், பைக் சோம்பிக் கிடக்கும். சரியான சுற்றை எட்டியதும் ஒரே இழுப்பு! 1973இல் வந்த யமஹா ஆர்டி350, 347 சிசிதான். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 39 குதிரைவலு. அந்த இழுப்பை ஒருமுறை அனுபவித்தவர்கள்தான் இன்றும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாகம் தேடி அலைகிறார்கள்.

குழாயின் நீளத்தைக் குறைத்தால் அந்த இழுப்பு இன்னும் உயர்ந்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். ரேஸுக்குச் சரி, கொழும்பின் காலி வீதி நெரிசலில் தலைவலி.

உள்ளே இருப்பதை வெட்டியெடுத்தால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூம்பு போனால் திரும்பி வரும் அலையும் போய்விடும். கூடுவது சத்தமும் பெட்ரோல் செலவும்தான்.